கோச்செல்லா பள்ளத்தாக்கில் வீடு வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓட்டினால், தென்கலிஃபோர்னியப் பாலையின் நடுவே கோச்செல்லா பள்ளத்தாக்கு வருகிறது. ஆண்டுக்குச் சில அங்குலமே மழை காணும் இந்த மண்ணில் 120-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பிப்ரவரி மாதத்தில் ஒரு வார இறுதிக்கு வந்து, மலையுச்சியில் பனியையும் அடிவாரத்தில் இளவெயிலையும் ஒருசேரக் கண்டு மயங்கி, ஊர் திரும்பும் முன்பே வீட்டுக்கு விலை பேசிவிடத் துடிக்கும் தமிழ் நண்பர்கள் பலர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. வீட்டின் அழகைப் பற்றிய கேள்விகள் இவற்றில் குறைவு. வீடு நிற்கும் நிலம், வீட்டுக்கு வரும் மின்சாரம், வீட்டைச் சுற்றியுள்ள கோல்ஃப் மன்றம் ஆகியவற்றைப் பற்றியவையே மிகுதி. பணம் கரைவது அங்கேதான்.

பாம் ஸ்பிரிங்ஸ் என்பது ஒரே ஊர்தானே?

இல்லை. வெளியூர்க்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாம் ஸ்பிரிங்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் ஒன்பது நகரங்கள் இருக்கின்றன. மேற்குக் கோடியில் பாம் ஸ்பிரிங்ஸ், வடக்கே நெடுஞ்சாலைக்கு அப்பால் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ், பிறகு கிழக்கே செல்லச் செல்ல கத்தீட்ரல் சிட்டி, ராஞ்சோ மிராஜ், பாம் டெசர்ட், இந்தியன் வெல்ஸ், லா கின்டா, இண்டியோ, கோச்செல்லா என்று வரிசையாக அமைந்துள்ளன. ஒரு நகரம் முடிந்து அடுத்தது தொடங்குவதைச் சாலைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எனினும் வாடகை விதி, மின்சாரக் கட்டணம், காற்று, விலை ஆகிய அனைத்தும் அந்தப் பலகையோடு மாறிவிடுகின்றன.

பாம் ஸ்பிரிங்ஸ் பழைய ஊர். 1938-இல் நகராட்சி ஆனது. தட்டைக் கூரையும் பெரிய கண்ணாடிச் சுவர்களும் கொண்ட, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த வீடுகளைத் தேடுவோர் இங்கேதான் வருகிறார்கள். ராஞ்சோ மிராஜ் பழைய செல்வர்களின் ஊர். அங்குள்ள தண்டர்பேர்ட் மன்றம் 1951-இல் திறக்கப்பட்டது, பள்ளத்தாக்கின் முதல் 18 குழி மைதானம் அதுவே. இந்தியன் வெல்ஸ் மிகச் சிறியது, மிக விலையுயர்ந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் பெரிய டென்னிஸ் போட்டி நடக்கும் இடம். லா கின்டா 1926-இல் கட்டப்பட்ட ஒரு விடுதியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. கோல்ஃபுக்காகவே வாழ்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். இண்டியோவில் புதிய வீடுகள் மிகுதி, விலை குறைவு. ஆனால் ஏப்ரல் மாத இசை விழாக்களின்போது விழா மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டியை நகர்த்துவது கடினம்.

கோடையைத் தாங்க முடியுமா? நாங்கள் சென்னை, மதுரை வெயிலைப் பார்த்தவர்கள்தானே?

இக்கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. மதுரை வெயிலோடு இதை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஜூலை மாதத்தில் இங்குப் பகல் வெப்பம் சராசரியாக 42 டிகிரி செல்சியஸை எட்டும். 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 124 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்நகரத்தின் வரலாற்றில் அதுவே உச்சம். காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது; சென்னையின் புழுக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதுவே ஆபத்து: உடலில் நீர் குறைவது தெரியாமலேயே குறைந்துவிடும். மேலும், ஆகஸ்டில் மெக்சிகோ பக்கமிருந்து பருவக்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் நாட்களில் இரவிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு வாழ்க்கை தலைகீழாகிவிடுகிறது. நடைப்பயிற்சி காலை ஐந்தரைக்கு. கோல்ஃப் ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிய வேண்டும். அதன்பின் மாலை எட்டு வரை வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்குபவர்கள் மே மாதம் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போனபின் பல உணவகங்கள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும், சில முற்றிலும் மூடிக்கொள்ளும். ஊரே உறங்குவது போலிருக்கும் அந்த மாதங்களை விரும்பி இங்கேயே இருப்பவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் அந்த விருப்பம் தமக்கு உண்டா என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பது செலவு மிகுந்த வழி.

குளிர்காலமோ சொன்னபடியே இருக்கும். ஜனவரியில் பகல் வெப்பம் 21 டிகிரி அளவிலும் இரவு 7, 8 டிகிரி அளவிலும் நிற்கும்.

காற்று பலமாக வீசும் என்கிறார்களே, எந்தப் பகுதியில்?

நெடுஞ்சாலையில் வரும்போது இருபுறமும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் போலவே சான் கோர்கோனியோ கணவாயும் இரு பெரும் மலைகளுக்கு இடையே காற்றைப் பிழிந்து அனுப்புகிறது. குறிப்பாக வசந்த காலத்தில். அதன் நேர்ப்பாதையில் இருப்பவை பாம் ஸ்பிரிங்ஸின் வடபகுதி, டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸின் சில பகுதிகள், நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் நிலம் ஆகியவை. அங்கே மணல் பறந்து காரின் கண்ணாடியை மங்கச் செய்வதும், நீச்சல் குளத்தின் அடியில் மண் படிவதும் வழக்கமான செய்திகள். தெற்குப் பாம் ஸ்பிரிங்ஸும், மலையடிவாரத்துக் குடைவுகளில் அமைந்த தெருக்களும் மலைகளின் மறைவில் அமைதியாக இருக்கும்.

மலையடிவாரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. மேற்கே சான் ஹசின்டோ மலை 3,300 மீட்டர் உயரத்துக்கு நிற்பதால், அதன் காலடியில் உள்ள வீடுகளில் டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்று மணிக்கே நிழல் விழுந்துவிடும். கோடையில் அது வரம். குளிர்காலத்தில் நீச்சல் குளத்தருகே வெயில் காய நினைப்பவருக்கு ஏமாற்றம்.

கிழக்கு வாசல் வீடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கிழக்கு வாசலை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இங்குள்ள வீடுகளில் முன்வாசல் பெயருக்குத்தான். வாழ்க்கை எல்லாம் பின்புறத்தில். கூடம், நீச்சல் குளம், சுவர் அளவுக்குப் பெரிய கண்ணாடிக் கதவுகள் அனைத்தும் பின்பக்கம் பார்த்தே இருக்கும். ஆகவே கிழக்கு வாசல் வீட்டின் பின்புறம் பெரும்பாலும் மேற்கு நோக்கும். ஜூலை மாலையில் அந்தக் கண்ணாடி வழியாக வரும் வெயில் ஏசியைத் திணறடித்துவிடும். மலைக்குப் பின்னே சூரியன் மறையும் காட்சிக்காகவே மேற்கு நோக்கிய பின்புறத்தை அதிக விலை கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வாழப் போகிறவருக்கு, பின்புறம் கிழக்கு நோக்கிய வீடே கோடை மாலைகளில் முற்றத்தில் உட்கார இடம் தரும். குளிர்காலத்துக்கு மட்டும் வருபவருக்குத் தெற்கு நோக்கிய பின்புறம் நல்லது.

"குத்தகை நிலம்" என்று விளம்பரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு இருப்புப்பாதை போடுவதற்காக, பாதையின் இருமருங்கிலும் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண்ணுள்ள கட்டங்களை இருப்புப்பாதை நிறுவனத்துக்கு வழங்கியது. பின்னர் 1876 முதல், இம்மண்ணின் பூர்வகுடிகளான அக்வா கலியன்டே கவீயா மக்களுக்கு இரட்டைப்படைக் கட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அதனால் பாம் ஸ்பிரிங்ஸ், கத்தீட்ரல் சிட்டி, ராஞ்சோ மிராஜ் ஆகிய நகரங்களின் வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகை போலவே இருக்கிறது. ஒரு கட்டத்தில் நிலம் முழுஉரிமை நிலம்; சாலையைத் தாண்டினால் அடுத்த கட்டம் பூர்வகுடிகளுடையது. அவர்களுடைய நிலத்தை 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விடலாம் என்று 1959-இல் சட்டம் இடம் கொடுத்தபின், அங்கே அடுக்குமாடி வீடுகளும் கோல்ஃப் குடியிருப்புகளும் எழுந்தன.

அத்தகைய வீட்டை வாங்கும்போது கட்டடத்தையும் குத்தகையின் மீதிக் காலத்தையும் மட்டுமே வாங்குகிறீர்கள், நிலம் உங்களுடையதன்று. அதனால்தான் ஒரே அளவுள்ள இரு வீடுகளில் ஒன்று வியக்கத்தக்க மலிவாகத் தெரிகிறது. ஆனால் மாதந்தோறும் நிலவாடகை கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் குறித்துள்ள ஆண்டுகளில் அது உயரும். நிலம் உங்களுடையதல்ல என்பதற்காக வரி விலகுவதுமில்லை: அனுபவ உரிமையின் மீது ரிவர்சைடு கவுண்டி வரி விதிக்கிறது.

பெரிய சிக்கல் கடனில்தான் வரும். வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றும் விதிப்படி, வீட்டுக் கடன் முடியும் நாளுக்குப் பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் குத்தகை மீதம் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுக் கடனுக்கு 35 ஆண்டுகள் மீதம் வேண்டும் என்று பொருள். இன்று 40 ஆண்டுகள் மீதமுள்ள குத்தகை உங்களுக்குக் கடன் பெற்றுத் தரும். பத்தாண்டு கழித்து நீங்கள் விற்கப் போகும்போது, வாங்க வருபவருக்கு அதே கடன் கிடைக்காது. அப்போது ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்குவார், அவர் சொல்வதே விலை. சில குடியிருப்புகளில் குத்தகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் இன்னும் பேச்சு நடக்கிறது. குத்தகை முடியும் ஆண்டு, வாடகை உயரும் ஆண்டுகள், நீட்டிப்பு கையெழுத்தானதா என்ற மூன்றையும் ஆவணத்தில் கண்ணால் பாருங்கள். தரகர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். இவ்வளவும் சொன்னபின், குத்தகை நிலம் தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. எழுபது வயதில், இருபது குளிர்காலங்களைக் கழிக்க இடம் தேடும் ஒருவருக்கு அது அறிவார்ந்த கொள்முதலாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்க நினைப்பவருக்கு அது பொருந்தாது.

கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கினால் ஆடும் உரிமையும் வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது. மைதானம் உங்கள் பின்வாசலில் இருக்கும். ஆனால் அதில் கால் வைக்க மன்றத்தின் உறுப்பினராக வேண்டும். சில குடியிருப்புகளில் உறுப்பினர் உரிமை வீட்டோடு பிணைக்கப்பட்டது, வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. சிலவற்றில் விரும்பினால் சேரலாம். வேறு சிலவற்றில் கோல்ஃப் ஆடாவிட்டாலும் உணவகத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பயன்படுத்தும் சமூக உறுப்பினராகச் சேர்வது கட்டாயம். சேரும்போது ஒருமுறைக் கட்டணம், மாதச் சந்தா, வண்டிக் கட்டணம், மன்ற உணவகத்தில் ஆண்டுக்கு இவ்வளவு சாப்பிட்டே ஆகவேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை என்று செலவு பல கிளைகளாகப் பிரியும். நான்கையும் கூட்டி ஆண்டுத் தொகையாக எழுதிக் கேளுங்கள். உறுப்பினர்களே மைதானத்தின் உடைமையாளர்களாக இருக்கும் மன்றமானால், புல்வெளியைப் புதுப்பிக்கவோ மன்றக் கட்டடத்தை இடித்துக் கட்டவோ முடிவெடுக்கும் ஆண்டில் அதற்கான சிறப்புத் தொகையும் உங்கள் மேல் விழும்.

ஆட்டத்தில் ஆர்வம் உண்டு, ஆனால் வாரம் ஒருமுறைக்கு மேல் ஆட மாட்டேன் என்பவர்கள் மன்றத்தில் சேரவே வேண்டாம் என்பது என் கருத்து. பாம் டெசர்ட், லா கின்டா, இந்தியன் வெல்ஸ், பாம் ஸ்பிரிங்ஸ் ஆகிய நகராட்சிகள் தமக்கென்று மைதானங்களை வைத்திருக்கின்றன. இந்தியன் வெல்ஸ் போன்ற இடங்களில் அந்நகரவாசிகளுக்குச் சலுகைக் கட்டணமும் உண்டு. லா கின்டாவில் பீட் டை வடிவமைத்து 1986-இல் திறக்கப்பட்ட ஸ்டேடியம் மைதானத்தில்கூடப் பொதுமக்கள் பணம் கட்டி ஆடலாம். கோடையில் வெளியார் கட்டணம் குளிர்காலத்தில் உள்ளதன் சிறு பங்காகச் சரிந்துவிடும்.

பந்து வந்து கண்ணாடியை உடைக்குமா?

உடைக்கும். வலக்கை ஆட்டக்காரர்களே பெரும்பான்மையினர். பயிற்சி குறைந்தவர்களின் பந்து வலப்பக்கம் வளைந்து போகும். ஆகவே ஆட்டம் தொடங்கும் மேட்டிலிருந்து பார்க்கும்போது வலப்புறத்தில், பந்து விழும் 150 முதல் 250 கெஜத் தொலைவில் உள்ள வீடுகளே அதிகம் அடி வாங்கும். குழியை ஒட்டிய வீடுகளுக்கும், ஆட்டம் தொடங்கும் மேட்டுக்குப் பின்னால் உள்ள வீடுகளுக்கும் தொல்லை குறைவு. வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரின் பூச்சில் வட்ட வட்டமான பள்ளங்கள் இருக்கின்றனவா, தோட்டத்து மூலையில் வாளி நிறையப் பந்துகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுப் பத்திரத்தோடு வரும் விதித்தொகுப்பில், பந்து உள்ளே வருவதற்கான இசைவை நீங்கள் முன்கூட்டியே அளித்ததாக ஒரு பிரிவு இருக்கக்கூடும். அது இருந்தால் மன்றத்திடம் இழப்பீடு கேட்பது அரிது.

அக்டோபரில் மைதானங்கள் மூடிக் கிடக்கின்றனவே, ஏன்?

கோடையில் வளரும் பெர்முடா புல் குளிர் தொடங்கியதும் பழுத்து உறங்கிவிடும். குளிர்காலத்திலும் பச்சை வேண்டும் என்பதற்காக, செப்டம்பர் இறுதி தொடங்கி அதை மொட்டையடித்து, ரை புல் விதை தூவி, இடைவிடாது நீர் பாய்ச்சுவார்கள். மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை மைதானம் மூடப்படும். தூசியும் எருவின் மணமும் பின்வாசலுக்கு வரும். நவம்பரில் கண்ணைப் பறிக்கும் பசுமை கிடைப்பது அதனால்தான். அக்டோபர் முதல் வாரத்தில் விருந்தினரை அழைத்துவிடாதீர்கள்.

மைதானமே மூடப்பட்டால் என்ன ஆகும்?

இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி நடந்திருக்கிறது. நீர் நிறுத்தப்பட்ட மைதானம் ஓரிரு கோடையில் புழுதிக்காடாகிவிடும். மைதானத்தைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் பிறகு காய்ந்த முட்புதரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் நிறுவனத்தோடு நகராட்சிக் கூட்டத்தில் வாதாடிக்கொண்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் மைதானம் யாருடையது, அதன் உறுப்பினர் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, நகரத் திட்டத்தில் அந்நிலம் திறந்தவெளியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று விசாரியுங்கள்.

வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம் எதற்கு? தவிர்க்க முடியாதா?

காவல் வாயில் உள்ள குடியிருப்பில் தவிர்க்க முடியாது. எச்ஓஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் இச்சங்கங்களைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வாயிற்காவல், தெரு, பொதுக் குளம், தோட்டம், சில இடங்களில் கேபிள் இணைப்பு, அடுக்குமாடி வீடானால் கூரை, வெளிப்பூச்சு ஆகியவற்றுக்கு இக்கட்டணம் போகிறது. கட்டணம் குறைவாக இருந்தால் மகிழ்வதைவிட ஐயப்படுவது நல்லது. எதிர்காலப் பழுதுகளுக்கென்று சங்கம் ஒதுக்கியுள்ள நிதி எவ்வளவு, தேவை எவ்வளவு என்று கூறும் ஆய்வறிக்கை உங்களுக்குத் தரப்பட வேண்டும். அதில் பாதி நிதிகூட இல்லையென்றால், அடுத்த கூரை மாற்றத்துக்கான சிறப்புத் தொகை உங்கள் அஞ்சல் பெட்டிக்கு வரும். கூடவே கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குழாய் வெடிப்பு, வழக்கு, அண்டை வீட்டுச் சண்டை அனைத்தும் அதில் இருக்கும், படிக்கச் சுவையானதும்கூட.

சொத்து வரி எவ்வளவு வரும்?

1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படை வரி மதிப்பீட்டில் ஒரு விழுக்காடு. அம்மதிப்பீடு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. வாங்கும்போது நீங்கள் கொடுத்த விலையே புதிய மதிப்பீடாகும். ஆகையால் விற்பவர் முப்பது ஆண்டுகளாகக் கட்டிவந்த சிறு தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கான கூடுதலும், புதிய குடியிருப்புகளில் மெல்லோ-ரூஸ் எனப்படும் தனிவரியும் இதன்மேல் சேரும். பின்னது 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சாலை, பள்ளி முதலியவற்றைக் கட்ட வாங்கிய கடனை அடைப்பதற்காக விதிக்கப்படுவது. இண்டியோவின் மலிவான புது வீடு உண்மையில் எவ்வளவு மலிவு என்பது இந்த வரியைப் பார்த்தபின்தான் விளங்கும். வாங்கிய சில மாதங்களில் இடைக்கால வரிச்சீட்டு ஒன்று தனியாக வரும். அதைக் கடன் நிறுவனம் கட்டிவிடும் என்று நினைத்துத் தண்டம் செலுத்தியவர்கள் பலர்.

மின்கட்டணம் உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

அது வீடு எந்த மின்வாரியத்தின் எல்லையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாம் ஸ்பிரிங்ஸ், கத்தீட்ரல் சிட்டி, ராஞ்சோ மிராஜ் ஆகியவற்றிலும், பாம் டெசர்ட், இந்தியன் வெல்ஸ் ஆகியவற்றின் பெரும்பகுதியிலும் சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் நிறுவனம் மின்சாரம் தருகிறது. லா கின்டா, இண்டியோ, கோச்செல்லா ஆகியவற்றில் இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற பொது அமைப்பு தருகிறது. பின்னதன் கட்டணம் குறிப்பிடத்தக்க அளவு குறைவு. நான்கு மாதம் ஏசி ஓயாமல் ஓடும் ஊரில், அந்த வேறுபாடு கோடைதோறும் பெருந்தொகையாகச் சேரும். பாசன மாவட்டம் ஏன் மின்சாரம் விற்கிறது என்றால், 1934-இல் உள்ளூர் நீர் மாவட்டத்தோடு செய்துகொண்ட 99 ஆண்டு உடன்பாடுதான் காரணம். அது 2033-இல் முடிகிறது. அதன்பின் ஏற்பாடு எப்படி அமையும் என்ற பேச்சு இப்போதே நடக்கிறது. மலிவான மின்சாரத்தை நம்பி லா கின்டாவில் வாங்குபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எடிசன் எல்லையில் கூரைமேல் சூரியத் தகடு இருக்கும் வீடு நல்லதே. ஆனால் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்த இணைப்புகளுக்கு, மிகுந்த மின்சாரத்தைத் திருப்பித் தருவதற்கான வரவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. பழைய விதியின்கீழ் உள்ள தகடா, சொந்தமா வாடகையா என்பதைக் கேளுங்கள். வாடகைத் தகடானால் அந்த ஒப்பந்தமும் உங்கள் தலையில் வந்து சேரும். எந்த வீடானாலும், விற்பவரிடம் பன்னிரண்டு மாத மின்சீட்டுகளைக் கேளுங்கள். ஆண்டின் சராசரியை மட்டும் சொன்னால், ஆகஸ்ட் மாதச் சீட்டைத் தனியே காட்டச் சொல்லுங்கள்.

பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது நிலைக்குமா?

பள்ளத்தாக்கின் அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. அதை எடுத்த வேகத்துக்கு இயற்கை ஈடுகொடுக்காததால், கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவந்து மண்ணில் இறக்குகிறார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. வடகலிஃபோர்னியாவிலிருந்து வரும் மாநில நீர்த்திட்டத்தில் இங்குள்ள நீர் அமைப்புகளுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அந்நீரைக் கொண்டுவரக் குழாய் இல்லை. ஆகவே அப்பங்கை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பெருநகர நீர் மாவட்டம் எடுத்துக்கொண்டு, ஈடாகத் தன்னுடைய கொலராடோ கால்வாயிலிருந்து பாம் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே வைட்வாட்டர் குளங்களில் நீரைத் திறந்துவிடுகிறது. பக்கத்து வயல்காரர்கள் முறைமாற்றிக் கொள்வதைப் போன்ற ஏற்பாடுதான். கிழக்குப் பகுதிக்குத் தனியே கோச்செல்லா கால்வாய் வருகிறது. பல கோல்ஃப் மைதானங்கள் அந்நீரையோ, சுத்திகரித்த கழிவுநீரையோ பயன்படுத்துகின்றன.

கொலராடோ ஆறு சுருங்கிவருகிறது, அதைப் பங்கிடும் ஏழு மாநிலங்களுக்கிடையே இழுபறி இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் குழாயில் நீர் நின்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அது விலையேறும், புல் குறையும் என்று எதிர்பார்ப்பதே சரி. 2023-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டப்படி, குடியிருப்புச் சங்கங்களின் பொதுவிடங்களில் யாரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவது 2029 முதல் கூடாது. சங்கம் அதற்குத் திட்டமும் நிதியும் வைத்திருக்கிறதா என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நிலநடுக்கம், வெள்ளம் பற்றி அஞ்ச வேண்டுமா?

சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பள்ளத்தாக்கின் வடகிழக்கு விளிம்பில், டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ், இண்டியோ குன்றுகள் வழியாகச் செல்கிறது. அதன் இந்தத் தென்பகுதி ஏறத்தாழ 300 ஆண்டுகளாகப் பெரிய அளவில் அசையவில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது. தனியே எடுக்க வேண்டும், அதிலும் இழப்பின் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். வெள்ளமும் அவ்வாறே தனிக் காப்பீடு. பாலையில் வெள்ளமா என்று சிரிப்பவர்கள், 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் வந்தபோது இங்கே இருந்திருந்தால் சிரிக்க மாட்டார்கள். ஓராண்டு மழையின் பெரும்பங்கு ஒரே நாளில் கொட்டி, நெடுஞ்சாலையையே சேறு மூடியது. எப்போதும் வறண்டு கிடக்கும் அகன்ற மணற்படுகைகள் உண்மையில் ஆறுகள். விற்பவர் தரவேண்டிய இயற்கை இடர் அறிக்கையில் வெள்ளப் பகுதி, பிளவுப் பகுதி இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும்.

கெட்ட நாற்றம் அடிப்பதாகச் சொல்கிறார்களே?

பள்ளத்தாக்குக்குத் தென்கிழக்கே சால்டன் கடல் இருக்கிறது. 1905-இல் கொலராடோ ஆறு பாசன வாய்க்காலை உடைத்துக்கொண்டு வந்து உண்டாக்கிய உப்பு ஏரி அது, இப்போது வற்றிவருகிறது. கோடையின் பிற்பகுதியில் காற்று அங்கிருந்து வீசும் நாட்களில் அழுகிய முட்டை மணம் கோச்செல்லா, இண்டியோ வரை எளிதாக வரும், சில நாட்களில் அதற்கு மேற்கேயும். வெளிப்பட்ட ஏரிப்படுகையின் புழுதி அதைவிடக் கவலைக்குரியது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கிழக்குக் கோடியைத் தவிர்க்கலாம்.

நாங்கள் வராத மாதங்களில் விடுமுறை வாடகைக்கு விடலாமா?

இதை நம்பித் தவணையைக் கணக்கிட்டவர்களே அதிகம் துன்பப்பட்டவர்கள். கத்தீட்ரல் சிட்டியில் 2021-இல் மக்கள் வாக்களித்து, பெரும்பாலான குறுகியகால வாடகைகளுக்குத் தடை விதித்தார்கள். பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு குடியிருப்புப் பகுதியில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் அனுமதி கிடையாது. புதிதாக அனுமதி பெறுபவர் ஆண்டுக்கு 26 முறைக்கு மேல் வாடகைக்கு விட முடியாது. லா கின்டா சில விலக்களிக்கப்பட்ட பகுதிகளைத் தவிரப் பிற இடங்களில் புதிய அனுமதிகளை நிறுத்திவிட்டது. நகரம் அனுமதித்தாலும் சங்கம் தடுக்கலாம். விற்பவரின் அனுமதிச்சீட்டு உங்களுக்கு மாறாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குளிர்கால வாடகை வேறு வகை. கனடாவிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வரும் முதியவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதுவே நீங்கள் வந்து தங்க விரும்பும் பருவமும்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பில் பிள்ளைகளோடு தங்கலாமா?

பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வரலாம். எத்தனை நாள் என்பதைச் சங்க விதி சொல்லும். கூட்டாட்சிச் சட்டப்படி, அங்குக் குறைந்தது 80 விழுக்காடு வீடுகளில் 55 வயதான ஒருவராவது இருக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர் வாங்கலாமா? இந்தியாவிலிருந்து பணம் அனுப்பலாமா?

வாங்கத் தடையில்லை. எச்-1பி விசாவில் உள்ளவருக்கு வழக்கமான வங்கிக் கடன் கிடைக்கிறது. ஆனால் நிரந்தர வாழ்வுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்எச்ஏ என்ற கூட்டாட்சி அரசு அமைப்பின் காப்பீடு பெற்ற வீட்டுக் கடன் 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. இந்தியாவில் வாழும் பெற்றோர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பல் திட்டத்தின்கீழ் ஒருவருக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டவராக இருந்து பின்னாளில் விற்கும்போது, விற்பனைத் தொகையில் பொதுவாக 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து அமெரிக்க வரித்துறைக்குச் செலுத்துவார். வரிக்கணக்கு தாக்கல் செய்து மிகுதியைத் திரும்பப் பெறவேண்டும்.

கோயில், மளிகை, பெற்றோர் வருகை எப்படி?

இந்திய மளிகைக்குப் பெரிய தேர்வு இங்கே இல்லை; மாதம் ஒருமுறை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ஆர்ட்டீஷியாவின் பயோனியர் சாலைக்குப் போய்க் கருவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை அள்ளிக்கொண்டு வருவது பலருடைய வழக்கம். மலிபு கோயில் என்று நாம் அழைக்கும் கலபாசஸ் வெங்கடேசுவரர் கோயிலுக்கு, நெரிசலைப் பொறுத்து மூன்று மணி நேரமாவது ஆகும். பெற்றோரைப் பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையில் அழைக்கும் பழக்கத்தை இந்த ஊருக்காக மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பரில் வந்து ஏப்ரலில் திரும்பினால், காலையும் மாலையும் அவர்கள் நடப்பதற்கு இதைவிட ஏற்ற இடம் குறைவு. நல்ல மருத்துவமனைகள் ராஞ்சோ மிராஜிலும் பாம் ஸ்பிரிங்ஸிலும் இண்டியோவிலும் இருக்கின்றன. மூத்தோர் மிகுந்த ஊர் என்பதால் இதயநோய், எலும்பு மருத்துவம் ஆகியவற்றில் வசதி உண்டு, குழந்தை மருத்துவத்தில் அந்த அளவுக்கு இல்லை.

எப்போது வந்து பார்ப்பது நல்லது?

ஆகஸ்டில். விற்பனைக்கு இருக்கும் வீடுகள் அப்போது குறைவு. ஆனால் காத்திருக்கும் விற்பனையாளர் பேரத்துக்கு இறங்கி வருவார். நீங்கள் வாங்க நினைக்கும் தெருவிலேயோ அருகிலோ இரண்டு வாரம் வாடகைக்குத் தங்குங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு வீட்டைப் பார்க்கப் போங்கள். ஏசி இருபது ஆண்டுப் பழையதா, வெளியே 45 டிகிரி இருக்கும்போது உள்ளே 25-க்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அந்த வேளையில்தான் அறிய முடியும். பிப்ரவரியில் ஆய்வாளரே வந்தாலும் அதைச் சோதித்துச் சொல்வது கடினம். கூரை, நீச்சல் குள மோட்டார், குழாய்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆய்வு செய்யுங்கள். பணம் எஸ்க்ரோ எனப்படும் நடுநிலையாளர் கணக்கில் இருக்கும் அந்த சில வாரங்களுக்குள் சங்க ஆவணங்களையும், குத்தகை இருந்தால் அதன் முழு ஒப்பந்தத்தையும் படித்து முடியுங்கள். விலகிக்கொள்ளும் உரிமைக்கான கடைசி நாள் எதுவென்று தரகரிடம் எழுத்தில் வாங்கி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்நாள் கடந்தபின் முன்பணம் திரும்பி வருவது உறுதியில்லை.